வாசகர் கேள்வி–பதில்: தோட்ட மண்டபத்தில் ஓபரா

பேராக்கின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில், பாலர் பள்ளிப் பிள்ளைகளுக்காகவும் முதலாம், இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்காகவும் வரும் பள்ளி விடுமுறையில் தோட்ட மண்டபத்தில் ஒரு குட்டி ஓபரா (பாட்டால் கதை சொல்லும் மேற்கத்திய நாடகம்) நடத்தப் பெற்றோரும் ஆசிரியர்களும் சிலர் சேர்ந்து முடிவெடுத்திருக்கிறார்கள். பிள்ளைகள் வேடிக்கை பார்ப்பதோடு நில்லாமல், கூடவே பாடிக் கதையை நகர்த்த வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். அங்கிருந்து வந்த கேள்விகளையே இந்த மாதம் எடுத்துக்கொள்கிறோம்.

4 முதல் 8 வயதுக்குள் நாற்பது பிள்ளைகள் வருவார்கள். எந்த ஓபராவை எடுப்பது? ‘ஹான்செல், கிரெட்டல்’ ஆகுமா? எவ்வளவு நேரம் நடத்துவது?
– பாலர் பள்ளி ஆசிரியை

மோசார்ட் ஜெர்மன் மொழியில் அமைத்த ‘மாயப் புல்லாங்குழல்’. இந்த வயதுக்கு வேறு எதையும் தேடி அலைய வேண்டாம். 1791 செப்டம்பர் 30ஆம் தேதி வியன்னாவின் புறநகர் அரங்கு ஒன்றில், அரண்மனைக்காரர்களுக்கல்ல, சாதாரண சனங்களுக்காக மேடையேறியது அது. பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே வசனம் வரும் வகை. ஆகவே வசனத்தை நம் பேச்சுத் தமிழிலேயே பேசிவிடலாம். கதை புரியவில்லை என்று ஒரு பிள்ளையும் நெளியாது.

முழு நாடகம் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஓடும். உங்களுக்கு 35 நிமிடம் போதும். அதற்கு முன் 10 நிமிடம் பாடிப் பழக, பின் 10 நிமிடம் கருவிகளைத் தொட்டுப் பார்க்க. இடைவேளை விடாதீர்கள். விட்டால் தண்ணீர், கழிப்பறை, பிஸ்கட் என்று கூட்டம் கலைந்து, திரும்பச் சேர்க்கவே கால் மணி நேரம் ஆகும்.

எதை வைத்துக்கொள்வது, எதை வெட்டுவது? பிள்ளைகளுக்கு வேலை இருக்கும் இடங்களை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மோசார்ட் அப்படி நான்கு இடங்களைத் தயாராகவே கொடுத்திருக்கிறார். பறவை பிடிக்கும் பாப்பகேனோ ஐந்து சுரக் குழலை ஊதுகிறான். பிள்ளைகள் அதே ஐந்து சுரத்தைத் திருப்பிப் பாட வேண்டும். பொய் சொன்னதற்காக அவன் வாயில் பூட்டுப் போடுகிறார்கள். அவன் ‘ம்ம் ம்ம் ம்ம்’ என்று பாட, பிள்ளைகளும் வாயை மூடி முனக வேண்டும். காவலாளியும் ஆட்களும் பிடிக்க வரும்போது மாய மணி ஒலித்தால் வந்தவர்கள் தம்மை மறந்து ஆடிக்கொண்டே போய்விடுவார்கள். மணி பிள்ளைகள் கையில். கடைசியில் பாப்பகேனோவும் அவன் துணை பாப்பகேனாவும் ‘ப… ப… ப…’ என்று திக்கித் திக்கிப் பாடும் பாட்டு. ஒரு பாதிக் கூட்டம் அவன் பக்கம், மறு பாதி அவள் பக்கம்.

இந்த நான்கு இடத்திலும் விதி ஒன்றுதான்: பிள்ளைகள் செய்யும் வரை கதை அசையக் கூடாது. அவர்கள் பாடினாலும் பாடாவிட்டாலும் அடுத்த காட்சி வந்துவிடும் என்றால், இரண்டாவது முறையே அதைக் கண்டுபிடித்துவிடுவார்கள். அதன் பிறகு யாரும் வாய் திறக்க மாட்டார்கள். மணி ஒலிக்காவிட்டால் காவலாளி நிஜமாகவே இரண்டடி நெருங்கி வர வேண்டும்.

ஒன்றைக் கட்டாயம் மாற்றுங்கள். மொனோஸ்டாட்டோஸ் என்ற அந்தக் காவல்காரனை மூலத்தில் கறுப்பு நிறத்தவனாக, நிறத்தைப் பழிக்கும் வரிகளோடு எழுதியிருக்கிறார்கள். அந்த வரிகளும் முகத்தில் கரி பூசும் பழைய வழக்கமும் மண்டபத்துக்குள் வரவே கூடாது. வெறும் ‘கோபக்காரக் காவலாளி’ என்றால் கதைக்கு ஒரு குறையும் இல்லை.

ஜெர்மன் இசையமைப்பாளர் ஹம்பர்டிங்க்கின் ‘ஹான்செல், கிரெட்டல்’ பற்றியும் கேட்டிருந்தீர்கள். 1893 டிசம்பர் 23ஆம் தேதி ஜெர்மனியின் வைமார் நகரில் அரங்கேறியது. அவர் தங்கை அடெல்ஹைட் வெட்டே தம் பிள்ளைகள் வீட்டில் நடிப்பதற்காகக் கேட்ட பாட்டுகளிலிருந்து வளர்ந்த நாடகம். ஆனால் சூனியக்காரியை அடுப்பில் தள்ளும் காட்சி 4 வயதுக்கு ஆகாது. 7 வயதுக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். அதில் அண்ணனும் தங்கையும் காலைத் தட்டிக் கையைத் தட்டி ஆடும் பாட்டு மட்டும் எந்த வயதுக்கும் பொருந்தும். முதல் 10 நிமிடப் பழக்கத்துக்கு அதை எடுத்துக்கொள்ளலாம்.

தேவார வகுப்பில் என்னோடு பாடும்போது சின்னப் பிள்ளைகள் அடித்தொண்டையில் முனகுகிறார்கள். ஓபரா மெட்டு இவர்களுக்கு எப்படி வரும்?
– தேவார ஆசிரியை

குறை பிள்ளைகளிடம் இல்லை, சுருதியில் இருக்கிறது. பெண்கள் வழக்கமாக 5 கட்டையில், அதாவது கீபோர்டின் ‘ஜி’யைச் ச என்று வைத்துப் பாடுகிறீர்கள். அந்த ஆதார ச, கீபோர்டின் நடு ‘சி’க்குக் கீழே இருக்கிறது. 4, 5 வயதுக் குரலுக்கு அங்கே ஒலியே கிடையாது. நடு ‘சி’யை அடுத்த ‘டி’யை, அதாவது 2 கட்டையை, ச என்று வையுங்கள். அங்கிருந்து ப வரை ஐந்து சுரங்கள் இந்த வயதுக்கு வசதியான எல்லை. உங்களுக்குச் சற்று உயரமாக இருக்கும். மெல்லப் பாடினால் போதும். ஆண் குரல் பாடிக் காட்டினால் பிள்ளைகள் எந்த ஸ்தாயியில் எடுப்பது என்று குழம்புவார்கள். முதல் முறை பெண் குரலோ கீபோர்டோ காட்டட்டும்.

பாப்பகேனோவின் குழல் ஊதும் ஐந்து சுரம், சங்கராபரண ராகத்தில் ச ரி க ம ப, அப்படியே வரிசையாக ஏறுவது. மூலத்தில் 5 கட்டை. நீங்கள் 2 கட்டைக்கு இறக்கிக்கொள்ளுங்கள். கீபோர்டில் வெள்ளை, வெள்ளை, கறுப்பு, வெள்ளை, வெள்ளை. இங்கேதான் சங்கீத வகுப்புக்குப் போகும் பிள்ளைகள் இடறுவார்கள். தொடக்கப் பாடமான சரளி வரிசையை மாயாமாளவகௌளை ராகத்தில் படித்த நாக்கு, ரி என்றதும் சுத்த ரிஷபத்துக்கு, அதாவது அரைச் சுரம் கீழே உள்ள ரி-க்குப் போய்விடும். வெள்ளைக் கட்டைக்குப் பதிலாகக் கறுப்புக் கட்டை. பறவைக்காரனின் குதூகலம் போய்ச் சோகம் வந்து உட்கார்ந்துகொள்ளும். சுரப் பெயரைச் சொல்லிப் பாடவே விடாதீர்கள். ‘கூ கூ கூ கூ கூ’ என்று பாட வையுங்கள். பழக்கம் குறுக்கே வராது.

குழலை நீங்களே செய்யலாம். அரை அங்குல பி.வி.சி. குழாயில் ஐந்து துண்டுகள்: 17, 16, 14, 13, 12 செ.மீ. மேல் விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து மழமழப்பாக்குங்கள். அடிப்பக்கத்திலிருந்து ரப்பர் அடைப்பானையோ உருட்டிய மெழுகையோ உள்ளே தள்ளி அடையுங்கள். உள்ளே காற்று நிற்கும் நீளம் ஏறத்தாழ 14½, 13, 11½, 10¾, 9½ செ.மீ. என்று வந்தால் 2 கட்டையின் ச முதல் ப வரை, ஒரு ஸ்தாயி மேலே, கிடைக்கும். அளவு தோராயம்தான், ஊதும் உதடு வாயை எவ்வளவு மூடுகிறது என்பதைப் பொறுத்து மாறும். சுருதி இறங்கியிருந்தால் அடைப்பை மேலே தள்ளுங்கள், ஏறியிருந்தால் கீழே இழுங்கள். கைப்பேசியில் சுருதி காட்டும் செயலி ஒன்று போதும். ஐந்தையும் வரிசையாக வைத்து, குறுக்கே ஐஸ்கிரீம் குச்சி கொடுத்துக் கட்டிவிடலாம். ஊதுவது பெரியவர் வேலை. ஐந்து வயதுக்காரர் ஊதினால் காற்றும் எச்சிலும்தான் வரும்.

ஜெர்மன் மொழியில் பாடுவதா, தமிழிலா?
– தமிழ்ப்பள்ளி ஆசிரியர்

பிள்ளைகள் பாடுவது தமிழில். பாடகர் ஒரு பாட்டையாவது மூல மொழியில் பாடட்டும். அந்த ஒலியும் காதில் விழ வேண்டும்.

வரி எழுதும்போது அர்த்தத்தைத் துரத்தாதீர்கள், தாளத்தைப் பிடியுங்கள். பாப்பகேனோவின் முதல் வரி எட்டு அசைச்சத்தம்: தாளத்துக்கு முன்பே ஒன்று எடுப்பாக வரும், பிறகு இரண்டிரண்டாக விழும், கடைசி ஒன்று தனியே நிற்கும். ‘என் கூண்டில் பாடும் மைனா பார்!’ என்று போட்டால் கூண், பா, மை, பார் நான்கும் அடி விழும் இடத்தில் சரியாக உட்காரும். அடி விழும் இடத்தில் குறில் தனித்து வந்தால் பிள்ளைகள் அதை இழுத்து நெடிலாக்கிவிடுவார்கள்; சொல்லே மாறிப்போகும். உச்ச சுரத்தில் ஆ, ஓ வையுங்கள். அங்கே இ வந்தால் சின்னக் குரல் கீச்சிடும்.

என் மகளுக்கு நான்கு வயது. கோயிலில் நாதஸ்வரம் கிட்டத்தில் கேட்டாலே காதைப் பொத்திக்கொண்டு அழுவாள். ஓபராக்காரர்கள் கத்துவார்களே, கூட்டி வரலாமா?
– ஒரு தாய்

வாருங்கள் அம்மா. ஆனால் முன்வரிசை வேண்டாம்.

பயிற்சி பெற்ற ஓபராக் குரலில் 3,000 ஹெர்ட்ஸ் அருகே ஒலி குவிந்திருக்கும். மனிதக் காது கூர்மையாகக் கேட்கும் பகுதி அது. மைக் இல்லாமலே வாத்தியக் கூட்டத்தைத் தாண்டி அந்தக் குரல் கேட்பது அதனால்தான். இரண்டு மீட்டர் தள்ளி இருக்கும் பிள்ளைக்குக் காதில் குத்துவதும் அதனால்தான். பாடகர்கள் ஒன்றைச் செய்ய வேண்டும்: பிள்ளைகள் உள்ளே வரும்போதே சாதாரண உடையில், தரையில் உட்கார்ந்து, வாயை மூடி முனகிக் குரலைப் பழக்கிக்கொண்டிருக்க வேண்டும். மெல்லிய குரல் கண்ணெதிரே வளர்ந்து பெரிதாவதைப் பார்க்கும் பிள்ளை பயப்படுவதில்லை. திரைக்குப் பின்னாலிருந்து திடீரென்று வரும் முழுக் குரல்தான் அலற வைக்கும்.

உங்கள் மகளை வாசல் ஓரமாக, பாடகரிடமிருந்து 6 மீட்டராவது தள்ளி உட்கார வையுங்கள். வெளியே போய்த் திரும்பி வரலாம் என்பதை வீட்டிலேயே சொல்லிவிடுங்கள். ‘அழாதே, பாரு’ என்று மடியில் பிடித்து அமுக்காதீர்கள். மன இறுக்கம் (ஆட்டிசம்) உள்ள பிள்ளைகளுக்கும் இதே ஏற்பாடுதான். கூடவே காட்சிகளை வரிசையாகக் காட்டும் படத்தாள் ஒன்று கொடுத்தால் அடுத்து என்ன வரும் என்று தெரிந்து அமைதியாக இருப்பார்கள்.

ஏற்பாட்டாளர்களுக்கும் ஒரு சொல். கதை தொடங்குவதே இளவரசனைப் பாம்பு துரத்துவதில். தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பாம்பு கதைப்பொருள் இல்லை. செம்பனைக்குள் எலி எங்கே உண்டோ அங்கே நாகமும் உண்டு என்று தெரிந்து வளர்கிறவர்கள். ரப்பர் பாம்பு வேண்டாம். 6 மீட்டர் பச்சைத் துணியை முன்கூட்டியே பிள்ளைகள் கையில் கொடுத்து மடிக்க விடுங்கள். காட்சியில் அதைப் பிடித்துக்கொண்டு ஓடுவதும் நான்கு பிள்ளைகளாகவே இருக்கட்டும். மூலத்தில் மூன்று பெண்கள் பாம்பைக் கொன்றுவிடுவார்கள். இங்கே எல்லோரும் முனகித் தூங்க வைத்துவிடலாம்.

மண்டபத்தை எப்படி அமைப்பது? மைக், ஸ்பீக்கர் வாடகைக்கு எடுக்க வேண்டுமா? முன்பு ஒரு நிகழ்ச்சியில் பிள்ளைகள் கத்தித் தீர்த்துவிட்டார்கள்.
– இளைஞர் மன்றப் பொறுப்பாளர்

ஸ்பீக்கர் வேண்டாம். பாடகர் இடது பக்கம் நிற்க, குரல் வலது பக்கப் பெட்டியிலிருந்து வந்தால் சின்னப் பிள்ளை பெட்டியைத்தான் பார்க்கும். நாற்பது பேருக்கு நல்ல குரல் ஒன்று தாராளமாகப் போதும். மேடையையும் மறந்துவிடுங்கள், தரையில் பாய் விரித்து, அரைவட்டமாக மூன்று வரிசை. நடுவே ஒரு மீட்டர் வழி விடுங்கள், பாப்பகேனோ அதில் நடந்து வருவான். எட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர், பிள்ளைகளுக்கு நடுவிலேயே உட்கார வேண்டும்; சுவரோரம் நின்றால் பிரயோசனம் இல்லை.

நேரம் காலை 9.30. மாலை வைத்தால் மழை வரும். துத்தநாகக் கூரையில் அடைமழை கொட்டும்போது எந்த ஓபராக் குரலும் எடுபடாது. மின்விசிறிகளை ‘ம்ம்’ பாட்டின்போது அணைத்துவிடுங்கள். அந்த மூன்று நிமிட அமைதியில்தான் தங்கள் முனகல் சேர்ந்து ஒலிப்பதைப் பிள்ளைகள் கேட்பார்கள்.

இனி, கத்தல். அதற்குக் காரணம் அநேகமாக நடத்துநர்தான். ‘சத்தமா… கேட்கலையே… இன்னும் சத்தமா!’ என்று ஒருமுறை சொல்லிவிட்டால் போச்சு. குரல் பாட்டிலிருந்து கூச்சலுக்கு மாறிவிடும். சுருதி அன்று முழுக்கத் திரும்பாது. நேர்மாறாகச் செய்யுங்கள். ‘மைனா தூங்குது, எழுந்திருச்சிடப் போகுது’ என்று கிசுகிசுத்தால் எல்லோரும் மெல்லப் பாடுவார்கள். மெல்லப் பாடும்போது சுரம் சேரும். தொடங்கும் சைகையைச் சொல்லித்தருவதற்கு முன் நிறுத்தும் சைகையைச் சொல்லிக்கொடுங்கள். விரித்த கை பாட்டு, மூடிய கை நிறுத்தம். முதல் பத்து நிமிடத்தில் ஆறேழு முறை திடீர் திடீரென்று மூடிக் காட்டுங்கள். அவர்களுக்கு அது விளையாட்டு, உங்களுக்குக் கடிவாளம்.

மணிகளை வாசலிலேயே கொடுத்துவிடுவது அடுத்த தவறு. கையில் மணி இருக்கும் பிள்ளை ஆட்டாமல் இருக்காது; முதல் இருபது நிமிடம் ஒரு சொல்லும் கேட்காது. காவலாளி வரும் காட்சிக்கு முன்பு வரிசைக்கு ஒரு துணிப்பை அனுப்புங்கள், ஆடி முடிந்ததும் அதே பையில் திரும்ப வாங்குங்கள். பரதநாட்டியச் சலங்கை மணிகள் ஐந்தைச் சிறு துணிக்குள் வைத்து வாயை இறுகத் தைத்துவிட்டால் ஒலியும் இதமாக வரும், மணி கழன்று யார் வாய்க்குள்ளும் போகாது. மூன்று வயதுக்குக் குறைந்த தம்பி தங்கைகள் கூட வருவார்கள் என்பதை மறக்க வேண்டாம். உறுமி மேளக் குழு தம்பிகள் உதவ வந்தால் மகிழ்ச்சி. ஆனால் உறுமி வெளியே, பிள்ளைகளை வரவேற்று அழைத்து வரும்போது மட்டும். உள்ளே ஒரு கீபோர்டும் ஒரு மிருதங்கமும் போதும்.

‘யார் வந்து ஆடப் போறீங்க?’ என்று பொதுவில் கேட்காதீர்கள். ஒன்று நாற்பது பேரும் பாய்வார்கள், இல்லாவிட்டால் ஒருவரும் எழ மாட்டார்கள். ‘முதல் வரிசை எழுந்து நில்லுங்க’ என்று சொல்லுங்கள்.

பெற்றோரைப் பின்னால் சும்மா விட்டால் கைப்பேசியோடு முன்னால் வந்து நிற்பார்கள், ‘பாடு, பாடு’ என்று முதுகில் இடிப்பார்கள். அவர்களுக்கும் ஒரு வேலை கொடுங்கள். பிள்ளைகள் ‘கூ கூ’ பாடும்போது பெரியவர்கள் எல்லோரும் ஆதார ச-வை ‘ம்’ என்று தம்புரா போலப் பிடிக்க வேண்டும். கை தானாகக் கீழே இறங்கிவிடும்.

பாடகருக்கு எங்கே போவது?
– அதே பொறுப்பாளர்

குறைந்தது மூன்று பேர்: பாப்பகேனோவுக்கு நடுத்தர ஆண் குரல் ஒன்று, இளவரசி பாமினாவுக்கும் பாப்பகேனாவுக்கும் சேர்த்து ஒரு பெண் குரல், காவலாளியாகவும் மற்ற வேடங்களாகவும் மாறிக்கொள்ள ஒருவர். கூடவே கதைசொல்லி ஒருவர், கீபோர்டுக்கு ஒருவர். பேராக்கிலேயே தஞ்சோங் மாலிமில் உள்ள சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்தில் இசைத் துறை இருக்கிறது. மேற்கத்திய முறையில் குரல் பயிலும் மாணவர்களை அங்கே விசாரிக்கலாம். தேவாலயப் பாடகர் குழுக்களிலும் தேடுங்கள். பாமினாவின் தாயான இரவு ராணியின் புகழ்பெற்ற பாட்டு மட்டும், நடு ‘சி’க்கு இரண்டு ஸ்தாயிக்கும் மேலே போய் ‘எஃப்’பைத் தொடுகிறது. அதைத் தொடக்கூடிய ஆள் கிடைக்காவிட்டால் பாட்டையே விட்டுவிடுங்கள். ஒலிப்பதிவைப் போட்டு வாயசைத்தால் அதுவரை பட்ட பாடெல்லாம் வீண்.

நம்மிடம் கூத்தும் இசை நாடகமும் இருக்க, வெள்ளைக்காரன் ஓபரா எதற்கு?
– ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளி

நியாயமான கேள்வி, ஐயா. ஓபராவுக்கு வயது நானூறு சொச்சம்தான். மான்டெவெர்டியின் ‘ஓர்ஃபியோ’ 1607இல் இத்தாலியின் மாண்டுவாவில் நடந்தது. பாட்டாலேயே கதை சொல்வதை அருணாசலக் கவிராயரும் கோபாலகிருஷ்ண பாரதியும் நமக்குத் தந்துவிட்டார்கள். பிள்ளைகளையே நடிகர்களாக வைத்து 1918இல் மதுரையில் பால சபா தொடங்கியவர் சங்கரதாஸ் சுவாமிகள். பார்சி நாடகக் குழுக்களின் பாதிப்பு தமிழ் நாடகத்திலும் உண்டு, இங்குள்ள பங்சாவான் என்ற மலாய் இசை நாடகத்திலும் உண்டு. சீன நாட்காட்டியின் ஏழாம் மாதம் பட்டணத்தில் சீனர் கொட்டகை போட்டு, முன் வரிசையை ஆவிகளுக்கென்று விட்டு நடத்துவதும் ஓபராதான்.

ஆகவே போட்டி வேண்டாம். ஒன்றை மட்டும் நம்மிடமிருந்து கட்டாயம் எடுக்கச் சொல்லுகிறோம்: கூத்தின் கட்டியங்காரனை. கதைக்குள்ளும் நிற்பான், சனத்தோடும் பேசுவான், ஆட்டம் தொய்ந்தால் தூக்கி நிறுத்துவான். மேலே நாங்கள் ‘கதைசொல்லி’ என்று எழுதிய வேலை முழுக்க அவனுடையது. பிள்ளைகளோடு பாடும் ஓபராவுக்கு இவனைவிடப் பொருத்தமான ஆளை ஐரோப்பாவில் தேடினாலும் கிடைப்பது கடினம். கூத்துக் கட்டிய அனுபவம் உள்ள பெரியவர் யாராவது உங்கள் லயத்து வீடுகளில் இருந்தால் இவர்களிடம் அனுப்பி வையுங்கள்.

மூன்றாம், நான்காம் ஆண்டுப் பிள்ளைகள் அறுபது பேர் தாங்களே நடத்தும்படி ஏதாவது உண்டா?
– தமிழ்ப்பள்ளி ஆசிரியை

ஆங்கில இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டனின் ‘நோவாவின் வெள்ளம்’. 1958 ஜூன் 18ஆம் தேதி இங்கிலாந்தின் ஆர்ஃபர்ட் தேவாலயத்தில், உள்ளூர்ப் பள்ளிப் பிள்ளைகளே மிருகங்களாகவும் வாத்தியக்காரர்களாகவும் நின்று நடத்தியது. சபையும் எழுந்து பாட வேண்டிய இடங்கள் உண்டு. முழுதாக எடுப்பது பெரிய காரியம். முதல் மழைத்துளிகள் விழும் இடம் மட்டும் உங்களுக்குப் போதும். அங்கே பிரிட்டன் பீங்கான் கோப்பைகளைக் கயிற்றில் தொங்கவிட்டு மரக்கரண்டியால் தட்டச் சொல்கிறார்.

கோப்பிக் கடைகளில் தரும் தடித்த பீங்கான் கோப்பை இதற்கு அருமை. எட்டு முதல் பத்து வாங்குங்கள், அளவு வெவ்வேறாக இருக்கட்டும். தண்ணீர் ஊற்ற வேண்டாம். பிள்ளையின் நெஞ்சு உயரத்தில் மூங்கில் கழி ஒன்றைக் குறுக்கே கட்டி, கைப்பிடியில் 15 செ.மீ. கயிறு போட்டு, கோப்பைக்கும் கோப்பைக்கும் ஒரு சாண் இடைவெளி விடுங்கள். நெருக்கினால் ஒன்றோடொன்று மோதி உடையும். பக்கவாட்டில் மெல்லத் தட்ட வேண்டும். ‘டொக்’ என்று செத்த ஒலி வந்தால் அதில் விரிசல் இருக்கிறது, உடனே எடுத்துவிடுங்கள்.

உரிமை விஷயத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். மோசார்ட் 1791இலும் ஹம்பர்டிங்க் 1921இலும் மறைந்தார்கள். அவர்கள் இசைக்குத் தடை இல்லை, ஆனால் இன்று ஒருவர் சுருக்கி எழுதிய பதிப்பையோ மொழிபெயர்ப்பையோ எடுத்தால் அதற்குத் தனி அனுமதி வேண்டும். பிரிட்டன் 1976இல் மறைந்தவர். பதிப்பாளருக்கு முதலில் எழுதுங்கள். பதில் வந்த பிறகு கோப்பை வாங்கப் போகலாம்.